பெயர் எழுதாத பதினொரு வரிகள்

ஆலங்கண்டல்,
வாகரை வழி.
12.11.2023

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தவராசா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மாரி தொடங்கி வாசலில் முழங்கால் தண்ணீர். முழங்கால் என்றதும் உங்கள் நினைவுதான் வந்தது. நோ குறைந்ததா? அத்தானும் மகள் மதுஜாவும் எப்படி இருக்கிறார்கள்?

போனில் சொன்னால் பாதியை லைன் அறுக்கும், மிச்சத்தை "பிறகு கதைப்பம்" என்று நீங்கள் அறுப்பீர்கள். அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் புதன்கிழமைகளில் நான் நடத்தும் வேடர் வகுப்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. நாற்பத்திரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் வேடர் ஆட்கள் மரங்களுக்கு வைத்த பெயர்கள், தேனுக்குப் போகும்போது பேசும் சொற்கள், சடங்குப் பேச்சு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவிட்டோம். ஆவணிச் சடங்கில் இறந்துபோன மூத்தவர்களைக் கூப்பிடும் பாட்டுத்தான் அரைகுறையாக நிற்கிறது. பெரியவர் பாடும் அழைப்புகள் பதினொன்றையும் பெரியப்பா சொல்ல எழுதிவிட்டேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சிறுபிள்ளை மறுமொழி பாட வேண்டும். அது அவருக்குத் தெரியவில்லை. அப்படிப் பாடிய பிள்ளைகளைச் சண்டை எங்கெங்கோ கொண்டுபோய்விட்டது. போன மாதம் பெரியப்பாவும் போய்விட்டார்.

இப்போது ஒரு நல்ல செய்தி. எண்பத்து மூன்றில் ஒரு சுவிஸ்காரர் இங்கே வந்து அப்பா பாடியதை ஒலிநாடாவில், அதுதான் ரேப்பில், பதிந்திருக்கிறார். அந்த ரேப் உங்கள் நாட்டில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுதிக் கேட்டேன். பாடியவரின் பிள்ளை நேரில் வந்து கேட்டு, அதை என்ன செய்யலாம் என்று எழுத்தில் தர வேண்டுமாம். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நான் நெய்க்கு அலைந்திருக்கிறேன். விலாசம் உள்ளே இருக்கிறது. போய் வாருங்கள், அக்கா.

அன்புத் தம்பி,
தவராசா

வில்,
சுவிஸ்.
08.12.2023

அன்பின் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் கடவுள் புண்ணியத்தில் சுகம். முழங்கால் குளிருக்குக் கத்துகிறது. தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நின்றபடி பெட்டி கட்டினால் கத்தாமல் என்ன செய்யும்? பெரியப்பாவின் செய்தி கேட்டு மனம் சரியில்லை. என்னைத் தோளில் தூக்கித் திரிந்த மனிசன்.

மதுஜாவுக்கு ஒரு இடம் பொருந்தி வருகிறது. பொடியன் பெயர் நிருசன், சோலோதுர்னில் பொறியியலாளர். இரண்டு பேரும் படிக்கும்போதே பழக்கமாம், எனக்கு இப்போதுதான் தெரியும்! தாய் யாழ்ப்பாணம் சுழிபுரம். நல்ல குடும்பம், ஆனால் எல்லாம் விசாரிக்கிற குடும்பம்.

நீ சொன்ன இடத்துக்கு நத்தார் பண்டிகை விடுமுறைக்குப் பிறகு போய்ப் பார்க்கிறேன். இரண்டு ரயில் மாற வேண்டும்.

ஒன்று சொன்னால் கோபிக்காதே. கடித உறையில் உன் வேடர் வகுப்பு முத்திரையைக் குத்தி அனுப்பியிருந்தாய். எங்கள் தபால்பெட்டிக்குப் பக்கத்துப் பெட்டி இன்னொரு தமிழ் வீட்டாருடையது. அடுத்த முறை வெறும் உறையில் அனுப்பு. வட்ஸ்அப்பிலும் இதைப் பற்றி ஒன்றும் போடாதே. போன் மேசையில் கிடக்கும், எல்லோரும் எடுப்பார்கள்.

உடம்பைக் கவனி. மழையில் நனையாதே.

அன்பு அக்கா

ஆலங்கண்டல்,
14.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். உங்களுக்கும் அந்த நலத்தைப் பொங்கல் பானையோடு சேர்த்து அனுப்புகிறேன். இந்த முறை உறை வெறும் வெள்ளை, பாருங்கள். கலியாணம் கேட்டு வந்த கடிதம் என்று பக்கத்து வீட்டார் நினைக்கட்டும்.

மதுஜா விசயம் பெரிய சந்தோசம். தாய்மாமன் நான் ஒருத்தன் இருக்கிறேன். கலியாண நாள் வைத்ததும் விசாவுக்கு ஒரு அழைப்புக் கடிதம் அனுப்புங்கள். கோட்டுத் தைக்கக் கொடுப்பதா, வேட்டியோடு வருவதா? குளிருக்கு எது சரி என்று எழுதுங்கள்.

வகுப்பில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கையேட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அதைத் தந்தவரின் பெயரை எழுதுவோம். பத்து வருடத்துக்கு முன் ஒருவர் வந்து எங்கள் சொற்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். புத்தகம் வந்தபோது ஒரு பெயரும் இல்லை, 'கிராமத்தார் வழக்கு' என்று போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்பு மிதுஷா சொன்னாள், "பேர் இல்லாட்டி அது களவெடுத்த சொல்லு, சேர்." அன்று முதல் அதுதான் எங்கள் சட்டம். பெயர் இல்லாமல் ஒரு சொல்லும் உள்ளே வராது.

கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். சடங்குப் பாட்டு முழுவதையும் எழுதி இந்த வருட முடிவுக்குள் கையேட்டைக் கொடுத்தால் வகுப்பை நேரசூசியில் நிரந்தரமாகச் சேர்ப்பாராம். கொடுக்காவிட்டால் புதன்கிழமை இரண்டு பாடவேளையும் ஆங்கில மேலதிக வகுப்புக்குப் போகும். ஆகவே அக்கா, எல்லாம் உங்கள் இரண்டு ரயிலில்தான் இருக்கிறது.

தம்பி,
தவராசா

வில்,
26.02.2024

அன்பின் தம்பிக்கு,

நாங்கள் சுகம், உன் சுகத்தையும் எழுது. அத்தானுக்குச் சளி, மாறிவிட்டது.

தை மாதமே எழுத நினைத்தேன், வேலை விடவில்லை. அந்த இடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டேன். பழைய ரேப் பழுதாகிவிட்டதாம், தேடுகிறார்களாம். பெரிதாக நம்பியிருக்காதே.

போன கிழமை நிருசனின் தாய் தகப்பன் வந்தார்கள். நண்டுக் கறியும் புட்டும் வைத்தேன். தாய் நல்ல மனிசி, இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டா. சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது, "நீங்கள் திருகோணமலையில எந்தப் பக்கம்? ஆக்கள் ஆரெண்டு சொல்லுங்கோவன், எங்களுக்கும் அங்க தெரிஞ்ச சனம் இருக்கு" என்று கேட்டா. திருகோணமலை என்றுதான் இங்கே சொல்லி வைத்திருக்கிறேன். தேத்தண்ணி ஊற்ற எழும்பிவிட்டேன்.

பங்குனியில் நிச்சயம் செய்கிறோம். சின்னதாகத்தான், வீட்டோடு.

அன்பு அக்கா

ஆலங்கண்டல்,
30.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிச்சயப் படம் ஒன்றாவது வரும் என்று பார்த்தேன், வரவில்லை. வேலைகளில் மறந்திருப்பீர்கள். அழைப்புக் கடிதத்தை மறக்காதீர்கள்.

ரேப் பழுது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அவர்கள் ஐப்பசியில் எழுதியபோது நல்ல நிலையில் இருக்கிறது, கணினியிலும் ஏற்றியாயிற்று என்றார்கள். வேறு யாரிடமோ கேட்டிருப்பீர்கள். நேரில் போனால் தெரியும்.

இன்னொன்று. பெரியப்பாவின் மகள் நேற்று ஒரு கதை சொன்னா. "உன்ர அப்பா பாடக்குள்ள அக்காவத்தான், மனே, பக்கத்தில இருத்துவாரு. அவள்தான் கீச்சுக் குரலில மறுமொழி பாடுவாள்." உண்மையா அக்கா? அப்போது எனக்கு ஒரு வயது, எனக்கு எங்கே தெரியும்! உங்களுக்கு ஒன்பது. ஒரு வரியாவது நினைவில் இருக்குமா? நித்திரையில் வந்தாலும் எழுந்து எழுதி வையுங்கள்.

தம்பி,
தவராசா

வில்,
02.05.2024

தம்பிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒன்றும் நினைவில்லை. நாற்பது வருடம் ஆகிவிட்டது. அந்த இடத்திலும் ரேப் இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். இனி இதைப் பற்றிக் கேட்காதே. உனக்கும் வயது நாற்பத்திரண்டு, சொந்தப் பிள்ளைகளின் படிப்பைப் பார்.

அக்கா

ஆலங்கண்டல்,
16.06.2024

கதிரன் மகள் இராசம்மாவுக்கு,

இப்படித்தான் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அதனால் நானும் அப்படியே தொடங்குகிறேன். சுகம் விசாரிக்க இன்றைக்கு மனம் இல்லை.

அருங்காட்சியகத்திலிருந்து முந்தநாள் எனக்குத் தபால் வந்தது. கூடவே நீங்கள் நிரப்பிய படிவத்தின் பிரதி. சித்திரை பதினோராம் திகதி நேரில் போயிருக்கிறீர்கள். ரேப்பை முழுதாகக் கேட்டிருக்கிறீர்கள். பிறகு, முப்பது வருடத்துக்கு ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். இரண்டாயிரத்து ஐம்பத்து நான்கு! எனக்கு அப்போது எழுபத்திரண்டு. பிள்ளைகளுக்குப் பல்லில்லாத வாயால் சொல்லிக் கொடுக்கிறேன்.

மற்றச் சகோதரங்கள் முப்பது நாளுக்குள் ஆட்சேபிக்கலாமாம். கடிதத்தின் திகதி சித்திரை இருபத்திரண்டு. கொழும்பு வந்து, மட்டக்களப்பு வந்து, என் கைக்கு வர ஐம்பத்து மூன்று நாள். வாசிக்கத் தொடங்கும் முன்பே நான் தோற்றுவிட்டேன்.

படிவத்தை நாலு தரம் படித்தேன். 'பாடியவரின் இனம்' என்ற இடத்தில் வேடர் என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரம் ஒருவர் என்று என் பெயர், விலாசம், எல்லாம் சரி. 'பதிவில் கேட்கும் மற்றக் குரல்கள்' என்ற இடத்தில், 'நான், வயது ஒன்பது, மறுமொழிப் பகுதி முழுவதும்' என்று உங்கள் கையெழுத்து.

ஒரு அதிகாரியின் தாளுக்கு இவ்வளவு உண்மை சொன்ன மனிசிக்குத் தம்பிக்கு ஒரு வரி உண்மை எழுதக் கை வரவில்லையே. நான் உங்களை நம்பி நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு, "என்ர அக்கா எடுத்துத் தருவா" என்று சொல்லி வைத்திருந்தேன். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

தவராசா

வில்,
04.08.2024

தம்பி,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. ஐந்து முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இன்றைக்கு வீட்டில் ஒருவரும் இல்லை.

அந்தப் படிவத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். நான் இங்கே வந்த புதிதில் விசாரணையில் ஒரு திகதியை மாற்றிச் சொல்லிவிட்டேன். பொய் என்று எழுதி வைத்து, இரண்டு வருடம் பெர்மிட் இல்லாமல் வைத்திருந்தார்கள். கைக்குழந்தை மதுஜாவோடு அகதி முகாமில் கிடந்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டுப் படிவம் ஒன்றைக் கண்டால் எனக்கு ஒரு கட்டத்தைக் காலியாக விடவும் பயம், பிழையாக நிரப்பவும் பயம். மனிசருக்குப் பொய் சொல்வேன். படிவத்துக்குச் சொல்லத் தெரியாது. பிரதி உனக்கும் போகும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை.

ரேப்பை மூடாவிட்டால் இணையத்தில் போடுவார்களாம், படத்தோடு. படத்தையும் காட்டினார்கள். அப்பா தோளில் கோடரியோடு நிற்கிறார். பக்கத்தில் சட்டையில்லாமல் நான். ஐம்பது வயதிலும் அதே முகம், தம்பி. நிருசனின் தாய் ஒரு தரம் பார்த்தால் போதும்.

உனக்குத் தெரியாத ஒன்று. என்னைப் பத்து வயதில் ஊரை விட்டு ரவுன் பள்ளிக்கூட விடுதியில் விட்டார்கள். முதல் கிழமையே ரீச்சர், "நீ பாட்டெல்லாம் படிப்பியாமே, ஒண்டு படி" என்றா. நான் பெருமையாக எழும்பி அந்த மறுமொழிகளைத்தான் பாடினேன். வகுப்பு முழுக்கச் சிரித்தது. ரீச்சரும் சிரித்துவிட்டு, "மிச்சத்தக் காட்டில போய்ப் படி" என்றா. பள்ளிக்கூடம் முடியும் வரை என் பெயர் 'காட்டாள்'. இராசம்மா என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை. இங்கே வந்து ராஜி ஆனேன். ராஜியைப் பார்த்து ஒருவரும் சிரிப்பதில்லை.

நினைவில்லை என்று எழுதியதும் பொய்தான். பதினொன்றும் தெரியும். பெட்டி கட்டும்போது வாய்க்குள் வரும். அதைத்தான் நீ கேட்டாய், அதைத்தான் என்னால் தர முடியவில்லை. மதுஜாவின் கலியாணம் முடியும் வரைக்குமாவது என்னை விடு.

அக்கா

ஆலங்கண்டல்,
10.09.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், நினைக்கும்போது கோபமும் கூடவே வருகிறது.

அந்த ரீச்சர் இன்றைக்கு என் முன்னால் வந்தால் நானே கேட்பேன். ஆனால் அவ சிரித்தது ஒரு நாள். நீங்கள் கதவைச் சாத்தியது முப்பது வருடத்துக்கு. உங்களைப் பார்த்துச் சிரித்த மாதிரி இந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கக்கூடாது என்றுதானே நான் இந்த வகுப்பையே நடத்துகிறேன்!

ஆவணிச் சடங்கு நடந்தது. அதிகாரியும் வந்திருந்தார். நான் முதல் அழைப்பைப் பாடினேன். மறுமொழி வர வேண்டிய இடத்தில் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். இரண்டாவதைப் பாடினேன், நின்றார்கள். பதினொன்றும் அப்படியே போனது. அதிகாரி, "என்ன சேர், பிள்ளைகள் மறந்திட்டினமோ?" என்றார். இல்லை, கற்றுக்கொடுக்கவில்லை என்றேன். மார்கழி முப்பத்தோராம் திகதிதான் கடைசி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையேட்டில் அந்தப் பதினொரு வரியையும் காலியாக விட்டிருக்கிறேன். யார் தந்தது என்ற இடமும் காலி. மிதுஷா காரணம் கேட்டாள். ஒருத்தரும் தரவில்லை என்று சொன்னேன்.

தவராசா

வில்,
28.10.2024

அன்பின் தம்பிக்கு,

சுகம். மதுஜாவின் கலியாணம் போன சனிக்கிழமை நல்லபடியாக முடிந்தது. முந்நூறு பேர் வந்தார்கள். பிள்ளை அழகாக இருந்தாள், அவளுக்கு அப்பாவின் நெற்றி.

நீ எப்படியும் கேட்பாய், நானே சொல்லிவிடுகிறேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் அத்தானின் கூட்டாளி ஒருவர் நின்றார். நீ ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று நிச்சயத்துக்கு முன்பே சொல்லியிருந்தேன். மாலையை அவர் எடுத்துக் கொடுக்கும்போது அடுப்படிப் பக்கம் போய் நின்று அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள்.

இதனுடன் ஒரு சின்ன உறை இருக்கிறது, ஒட்டியிருக்கிறேன். பதினொரு மறுமொழியும் உள்ளே. ஒரு சொல் பிழையில்லை, பாடிப் பாடித்தான் எழுதினேன். எடுத்துக் கையேட்டில் சேர், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு, வகுப்பைக் காப்பாற்று. என் பெயரை மட்டும் போடாதே. பெரியப்பா தந்தார் என்று போடு, அல்லது ஊரார் தந்தது என்று போடு. இந்த ஒன்றை எனக்காகச் செய்.

உன் அக்கா

ஆலங்கண்டல்,
02.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, எல்லோரும் சுகம். மதுஜாவும் மாப்பிள்ளையும் நூறு வருடம் நன்றாக இருக்கட்டும். அப்பாவின் நெற்றி என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் வீட்டில் வாசித்துக் காட்டினேன்.

கோட்டுக்குத் துணி எடுத்து வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கூடப்பிறந்தவர்கள் இல்லை என்று சொன்னீர்களாம். அப்படியென்றால் சுவிஸில் நான் உங்களுக்குத் தம்பியாக இருப்பது படிவங்களில் மட்டும்தான்.

சின்ன உறை கிடைத்தது. பொய் சொல்லமாட்டேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உங்கள் எழுத்தின் சாயல் தெரிந்தது, சொல் தெரியவில்லை. இரண்டு நாள் மேசையில் கிடந்தது. ஒரு விரலால் கிழித்தால் வகுப்பு பிழைக்கும். பெரியப்பா எழும்பி வந்து இல்லை என்று சொல்லப் போவதில்லை.

புதன்கிழமை பிள்ளைகள் முன்னால் வைத்தேன். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் அனுப்பியிருக்கிறார், பிரிக்கவா வேண்டாமா என்று கேட்டேன். பின்வரிசையில் நாலைந்து பேர், "பிரியுங்க சேர்" என்று கத்தினார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோசம். மிதுஷா எழும்பினாள். "களவெடுத்ததோ சேர்?" என்றாள். இல்லை, அவருடைய சொந்தச் சொல்தான் என்றேன். "அப்ப ஏன் அவருக்கு வெக்கம்? எங்கட சொல்லப் படிச்சா நாங்களும் வெக்கப்படணுமா?" என்று கேட்டாள். பின்வரிசையும் அடங்கிவிட்டது. பதினைந்து வருடம் படிப்பித்திருக்கிறேன், அக்கா. இப்படி ஒரு கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

அதனால் உறையைப் பிரிக்காமல் இதனுடன் திருப்பி வைத்திருக்கிறேன். பெயரை மறைத்து மறைத்துத்தான் இந்தச் சொற்களே எங்கள் வாயை விட்டுப் போயின. அதே மறைப்பைக் கற்றுக்கொடுத்து வகுப்பை வைத்திருப்பதற்குப் பதிலாகப் பிள்ளைகள் ஆங்கிலமே படிக்கட்டும். இந்தக் கடிதம் உங்களிடம் வரும்போது முப்பத்தோராம் திகதி கடந்திருக்கும். புதன்கிழமை எங்களுக்கு இல்லை. ஞாயிறுகளில் என் வீட்டு வாசலில் வைப்பேன், வருகிற பிள்ளைகள் வரட்டும்.

மனம் வந்தால் தாளின் மேலே பெயர் எழுதி அனுப்புங்கள். ராஜி என்று அல்ல. வராவிட்டாலும் ஆவணியில் நான் கூப்பிடுவேன், பிள்ளைகள் பேசாமல் நிற்பார்கள். அதற்குப் பழகிவிட்டார்கள்.

முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள். குளிரில் கனநேரம் நிற்க வேண்டாம்.

கதிரன் மகன்,
தவராசா